பலகைக்கு முந்தைய இரண்டு எட்டு

தக்கலைப் பக்கத்துப் பள்ளியில் பிளஸ் டூ படிக்கும் தம்பி ஒருவன் என்னிடம் கேட்ட கேள்வி இது. பள்ளி மைதானத்துச் செம்மண்ணில் நீளம் தாண்டுதலில் அவன் 6.35 மீட்டர் தாண்டுகிறான். வெளி மாவட்டத்தில் சிந்தெடிக் ட்ராக்கில் (செயற்கை ரப்பர் தளத்தில்) நடந்த போட்டிக்குப் போன இடத்தில் முதல் இரண்டும் ஃபவுல், மூன்றாவது 6.08. "சிந்தெடிக்ல போனா தூரம் தானா கூடும்னு எல்லாரும் சொன்னாங்க சார், எனக்கு ஏன் குறைஞ்சுது?" என்றான். கூடவே இன்னொன்றும் கேட்டான். அந்தக் காலத்துக் கரித்துகள் பாதையில் ஓடிய அமெரிக்க வீரர் ஜெஸ்ஸி ஓவன்ஸ் இன்றைய தளத்தில் ஓடியிருந்தால் ஒன்பது மீட்டரைத் தொட்டிருப்பாரா?

தம்பி, இரண்டு கேள்விக்கும் விடை ஒரே இடத்தில் கிடக்கிறது: மிதித்து எழும்பும் பலகைக்கு முந்தைய கடைசி இரண்டு எட்டில், அதாவது காலடியில். கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், பொறுமையாகப் படி.

நம்ம குமரி மாவட்டத்தில் தாண்டுவதைச் 'சாடுவது' என்போம். நான் படித்த காலத்தில் பி.டி. சார் குழியோரம் நின்று, "லே, பலகையப் பாக்காத, தலையத் தூக்கிச் சாடு" என்று கத்துவார். பலகையைப் பார்க்காமல் பலகையில் மிதிக்க வேண்டுமென்றால், முப்பது நாற்பது மீட்டர் ஓடிவரும் ஒவ்வொரு எட்டும் ஒவ்வொரு தடவையும் ஒரே நீளத்தில் விழ வேண்டும். நீளம் தாண்டுதலின் பெரும்பாடு அதுதான். உலகத் தரத்து ஆண் வீரர் நொடிக்கு 10.5 முதல் 11 மீட்டர் வேகத்தில் பலகைக்கு வருகிறார். பலகையில் கால் படும் நேரம் 0.12 நொடி அளவு. அதற்குள் அந்த ஓட்டத்தை இருபது டிகிரி வாக்கில் மேலே திருப்பியாக வேண்டும். வேகம் நொடிக்கு 0.1 மீட்டர் கூடினால் தூரம் 8 முதல் 10 சென்டிமீட்டர் கூடும் என்பது பொதுவான கணக்கு. கடைசிக்கு முந்தைய எட்டில் இடுப்பைக் கொஞ்சம் தாழ்த்தி, கடைசி எட்டைச் சுருக்கிப் பலகையில் வைப்பார்கள். அந்தத் தாழ்த்தும் எட்டு விழுவது பாதையில், பலகையில் இல்லை. தளத்தின் குணம் தாண்டுதலுக்குள் நுழைகிற வாசல் அதுதான்.

சிந்தெடிக் வருவதற்கு முன் உலகம் முழுக்கப் பெரிய போட்டிகள் பெரும்பாலும் சிண்டர் ட்ராக்கில் நடந்தன. கொதிகலனில் எரிந்து மிஞ்சிய நிலக்கரிக் கட்டியை நொறுக்கி, களிமண் கலந்து, தண்ணீர் தெளித்து, உருளை ஓட்டிக் கெட்டிப்படுத்திய பாதை. காலையில் கெட்டியாக இருக்கும். வெயில் ஏறினால் மேல்துகள் பிரிந்து உருளும். மழை பெய்தால் சேறு. ஓட்டக்காரர்களுக்கு எட்டு பாதை உண்டு. நீளம் தாண்டுபவர்களுக்கு 1.22 மீட்டர் அகலத்தில் ஒரே ஒரு சந்து. எல்லோரும் அதில்தான் ஓட வேண்டும், எல்லோருடைய ஸ்பைக்ஸும் ஏறத்தாழ ஒரே இடத்தில்தான் குத்தும்.

இதை நான் புத்தகத்தில் படித்துச் சொல்லவில்லை. செம்மண் பாதையில் நடந்த பள்ளிப் போட்டிகளில் பல வருடம் குழியோரம் நடுவராக நின்றிருக்கிறேன். முப்பது பையன்கள் தாண்டி முடித்த பிறகு பலகைக்குப் பின்னால் இரண்டு, இரண்டரை மீட்டரில் குனிந்து பார்த்தால் ஒரு குழி தெரியும். சிரட்டையைக் கவிழ்த்து அழுத்தி எடுத்த மாதிரி, அந்த அளவு. எல்லோருடைய கடைசிக்கு முந்தைய எட்டும் விழுந்து விழுந்து பறித்த குழி. அதில் மண்ணைப் போட்டு, தண்ணீர் தெளித்து, திம்சுக்கட்டையால் இடிப்போம். இடித்த மண் பழைய மண்ணைப் போல இருக்காது. அடுத்து வருபவனின் கால் அதில் ஒரு விரற்கடை புதையும். முதலில் தாண்டியவனுக்குக் கிடைத்த தரை முப்பதாவது ஆளுக்குக் கிடைக்காது. அது எவ்வளவு பெரிய அநியாயம் என்று, சிந்தெடிக்கிலேயே ஆரம்பித்த பிள்ளைகளுக்குச் சொல்லிப் புரியவைக்க முடிவதில்லை.

அப்படிப்பட்ட பாதைக் காலத்தில்தான் ஓவன்ஸ் 1935 மே 25 அன்று ஆன் ஆர்பரில் 8.13 மீட்டர் தாண்டினார். அன்று அவர் தாண்டியது ஒரே ஒரு தடவை. அந்த உலக சாதனை 25 வருடம் நின்றது. 1960 ஆகஸ்டில் ரால்ஃப் பாஸ்டன் 8.21 தாண்டித்தான் அது போயிற்று. 1964 டோக்கியோதான் சிண்டர் பாதையில் நடந்த கடைசி ஒலிம்பிக். குளிர், மழை, எதிர்க்காற்று. பாஸ்டனும் சோவியத் வீரர் இகோர் டெர் ஒவனேசியனும் அதற்கு முன்பே 8.30-ஐக் கடந்தவர்கள். அன்று தங்கம் வாங்கியவர் வேல்ஸ் நாட்டு லின் டேவிஸ், 8.07. பாஸ்டன் 8.03, டெர் ஒவனேசியன் 7.99. ஈரத் தரையில் கலங்காமல் ஓடியவர் ஜெயித்தார் என்றுதான் நான் அதைப் பார்க்கிறேன். அதே ஈரத் தரையில், நொடிக்கு 1.6 மீட்டர் எதிர்க்காற்றில், இங்கிலாந்தின் மேரி ராண்ட் 6.76 தாண்டிப் பெண்கள் உலக சாதனை படைத்தார். நீளம் தாண்டுதல் வரலாற்றில் எனக்குப் பிடித்த தாண்டல் எது என்று கேட்டால் அமெரிக்க வீரர் பாப் பீமனுடையதைச் சொல்ல மாட்டேன், இதைத்தான் சொல்வேன்.

பாப் பீமன் கதை உனக்குத் தெரிந்திருக்கும். 1968 அக்டோபர் 18, மெக்சிகோ நகரம், 8.90. அதுவரை இருந்த உலக சாதனை 8.35. ஒரே தாண்டலில் 55 சென்டிமீட்டர். தூரம் அளக்க வைத்திருந்த கருவி அவ்வளவு தூரம் எட்டாமல், டேப் கொண்டுவந்து அளந்தார்கள். மெக்சிகோவில் முதன்முறையாக ஒலிம்பிக்கில் சிந்தெடிக் தளம் போட்டார்கள். டார்டான் என்பது அதன் பெயர், த்ரீ எம் கம்பெனி தயாரிப்பு. அமெரிக்காவில் குதிரைப் பந்தயப் பாதைக்காக முதலில் போட்டுப் பார்த்த பொருள். ஊர் கடல்மட்டத்திலிருந்து 2,240 மீட்டர் உயரம். காற்றின் அடர்த்தி ஐந்தில் ஒரு பங்கு குறைவு. முதுகுக் காற்றும் அனுமதிக்கப்பட்ட உச்சமான நொடிக்கு 2.0 மீட்டர். இதையெல்லாம் அடுக்கி, "டார்டானும் உயரமும்தான் பீமனைத் தூக்கிவிட்டன" என்று இன்றும் பேசுபவர்கள் உண்டு.

அதே பாதை, அதே காற்று, அதே நாள். வெள்ளி வாங்கிய கிளாஸ் பீர் எவ்வளவு தாண்டினார்? 8.19. பாஸ்டன் 8.16, டெர் ஒவனேசியன் 8.12. டோக்கியோவில் ஜெயித்த டேவிஸ் 7.94. பெண்களில் ருமேனியாவின் விஸ்கோபொலியானு புதிய சாதனையாக 6.82 தாண்டினார். ஈரச் சிண்டரில் எதிர்க்காற்றில் ராண்ட் தாண்டியதைவிட, டார்டானும் மெல்லிய காற்றும் சேர்ந்து கொடுத்தது 6 சென்டிமீட்டர். தளம் ஸ்பிரிங் மாதிரி ஆளைத் தூக்கிப் போடும் என்றால் எல்லோரையும் அல்லவா தூக்கியிருக்க வேண்டும்?

பீமனுக்குத் தளம் கொடுத்தது வேறொன்று. தகுதிச் சுற்றில் அவர் முதல் இரண்டு தாண்டலும் ஃபவுல். மூன்றாவதும் போயிருந்தால் வீட்டுக்குத்தான். பாஸ்டன் அவரிடம் போய், பலகைக்கு முன்னாலேயே மிதித்துத் தாண்டு, உனக்கு அது போதும் என்று சொல்லிக்கொடுத்தார். தன்னோடு போட்டி போடுகிற ஆளுக்கு! பீமன் 8.19 தாண்டி உள்ளே வந்தார். பலகை பிசகும் பழக்கம் உள்ள, பயங்கர வேகம் கொண்ட ஒரு ஆள், கால் வழுக்காத தரையில் ஒரே ஒரு தடவை முழு வேகத்தில் பலகையைச் சரியாக மிதித்தால் என்ன ஆகும் என்பதுதான் அந்த 8.90. அவருடைய அடுத்த தாண்டல் 8.04.

தளத்தின் நேரடிப் பலனைப் பார்க்க வேண்டுமானால் மும்முறை தாண்டுதலைப் பார். அதில் பலகையைத் தவிர இன்னும் இரண்டு தடவை கால் பாதையில் இறங்கி எழ வேண்டும், அதுவும் உடல் எடையைப் போலப் பல மடங்கு விசையோடு. சிண்டரில் அந்த இரண்டு இடமும் சிதறும். 1960-இல் போலந்தின் யோசெஃப் ஷ்மிட் தாண்டிய 17.03 எட்டு வருடம் அசையாமல் இருந்தது. மெக்சிகோவில் இரண்டே நாளில் சாதனை ஐந்து தடவை உடைந்தது: தகுதிச் சுற்றில் 17.10, இறுதியில் 17.22, 17.23, 17.27, கடைசியாக விக்டர் சனயேவ் 17.39. ஐந்து பேர் பழைய சாதனையைத் தாண்டினார்கள். உயரத்துக்கும் அதில் பங்கு உண்டு. ஆனால் நீளம் தாண்டுதலில் ஒருவர் மட்டும் பறந்ததும், இதில் ஒரு கூட்டமே முன்னேறியதும் தற்செயல் என்று என்னால் நம்ப முடியாது. இன்றைக்கும் மும்முறை தாண்டும் பாதையின் கடைசி 13 மீட்டரில் ரப்பரைக் கூடுதல் தடிமனாகப் போடச் சொல்கிறது விதி. நீளம் தாண்டும் பாதைக்கு அந்த நிபந்தனை கிடையாது. கால் கடைசியாக எழும்புவது பலகையிலிருந்து. அந்தப் பலகை ஓவன்ஸ் காலத்திலும் மரம், இப்போதும் மரம் அல்லது அதுபோன்ற கெட்டிப் பொருள்.

அப்படியானால் ரப்பர் தளம் வேகத்தைக் கூட்டுவதே இல்லையா? கூட்டும். சொத்தவிளைக் கடற்கரைக்குப் போய் நீயே சோதித்துப் பார். மேலே காய்ந்த மணலில் ஓடு: கால் புதையும், உதைத்த விசை மணலுக்குள் போய்த் தொலைந்துவிடும். அலை வந்து திரும்பிய ஈரமணலில் ஓடு: தரை லேசாக அமுங்கித் தாங்கும், கால் தன்னால் முன்னே போகும். பிறகு தார் ரோட்டில் ஓடு: வேகம் வரும், ஆனால் முன்கால் எலும்பில் சுத்தியல் அடிக்கும், உடம்பு அதற்குப் பயந்து முழங்காலை மடக்கிக் கொடுக்கும். நடுவில் எங்கோ ஓர் இறுக்கம் இருக்கிறது, அதுதான் ஓட்டத்துக்கு வசதி. ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் மக்மான், கிரீன் என்ற இருவர் இதைக் கணக்குப் போட்டு, 1977-இல் அந்த இறுக்கத்தில் ஓர் உள்ளரங்கப் பாதையே கட்டினார்கள். ஓடுபவர்களின் வேகம் 2 முதல் 3 சதவீதம் கூடியது. இப்போது உலக தடகள அமைப்பின் விதி, கான்கிரீட்டோடு ஒப்பிட்டால் தளம் 35 முதல் 50 சதவீதம் வரை விசையைத் தணிக்க வேண்டும் என்கிறது. அதற்குக் குறைந்தால் கால் போகும், கூடினால் வேகம் போகும்.

ஓவன்ஸ் கணக்குக்கு வருவோம். நல்ல தளத்தால் அவர் வேகம் 2, 3 சதவீதம் கூடியிருக்கும் என்று வைத்துக்கொள். அதாவது நொடிக்கு 0.2, 0.3 மீட்டர். தூரத்தில் அது 20 முதல் 30 சென்டிமீட்டர். 8.13 என்பது 8.40 வாக்கில் வரும். ஒன்பது மீட்டர் வராது. ஆனால் 2021-இல் டோக்கியோவில் மில்டியாடிஸ் டெண்டோக்லு தங்கம் வாங்கிய தூரம் 8.41. தொண்ணூறு வருடத்துக்கு முந்தைய ஒரு மனிதன் இன்றைய ஒலிம்பிக் மேடையில் நின்றிருப்பான் என்பது எனக்குச் சிலிர்ப்பான விஷயம்.

இன்னொரு பக்கமும் பார்க்க வேண்டும். தளம் வருடா வருடம் மேம்பட்டுக்கொண்டே வந்தது. 1972 மியூனிக்கில் பாலியூரித்தேன், பிறகு தொழிற்சாலையிலேயே வல்கனைஸ் செய்து சுருளாகக் கொண்டுவந்து ஒட்டும் மோண்டோ ரப்பர். 1992 பார்சிலோனாவிலிருந்து எல்லா ஒலிம்பிக்கிலும் அதுதான். 2024 பாரிஸில் போட்ட ஊதா நிறத் தளத்தில் சிப்பி ஓட்டைப் பொடித்துக் கலந்திருந்தார்கள். குளச்சல், கடியப்பட்டணத்தில் நாம் அவித்துத் தின்றுவிட்டுத் தூக்கிப் போடுகிற மாதிரியான ஓடு. இவ்வளவும் வந்தும், 1988-இல் கார்ல் லூயிஸ் 8.72 தாண்டிய ஒலிம்பிக்கில் 2012-இல் 8.31 தாண்டியவர் தங்கம் வாங்கினார், பாரிஸில் 8.48. மைக் பவல் 1991-இல் டோக்கியோவில், 0.3 காற்றில், கடல்மட்டத்தில் தாண்டிய 8.95 இன்னும் நிற்கிறது. தளம் கடைநிலையை மேலே தூக்கியது, நாளுக்கு நாள் வித்தியாசத்தைக் குறைத்தது. உச்சத்தைத் தீர்மானிப்பது ஓடி வருகிற ஆளின் வேகம். அவ்வளவு வேகம் உள்ளவர்கள் இப்போது பெரும்பாலும் 100 மீட்டருக்குப் போய்விடுகிறார்கள்.

நம் நாட்டுக் கதையும் இதே ரகம். கொல்லம் பக்கத்து டி.சி. யோஹன்னான் 1974 தெஹ்ரான் ஆசியப் போட்டியில் 8.07 தாண்டினார். 1982 ஆசியப் போட்டிக்காக டெல்லி நேரு விளையாட்டரங்கில் சிந்தெடிக் போட்டார்கள், பிறகு ஊர் ஊராக வந்தது. ஆனாலும் யோஹன்னானின் தூரத்தைக் கடக்க 2004 ஆயிற்று, அதுவும் ஒரே ஒரு சென்டிமீட்டரில். இப்போதுதான் ஸ்ரீசங்கர் 8.41, தூத்துக்குடி மாவட்டம் முதலூர் ஜெஸ்வின் ஆல்ட்ரின் 8.42 என்று வந்திருக்கிறார்கள். தேரி மணல் ஊர்க்காரன் 2023-இல் தேசிய சாதனை வைத்தபோது நாகர்கோவிலில் நாங்கள் மிட்டாய் வாங்கிக் கொடுத்தோம்.

அவர்களை வைத்தே ஒன்று சொல்லிவிடுகிறேன், தளத்தைப் பற்றிப் பேசும்போது காற்றை மறக்கக் கூடாது. 2022-இல் கோழிக்கோடு பல்கலைக்கழக மைதானத்தில் ஜெஸ்வின் 8.37, ஸ்ரீசங்கர் 8.36. ஜெஸ்வினுக்கு முதுகில் 4.1 காற்று, ஆகவே சாதனைக் கணக்கில் சேராது, ஸ்ரீசங்கருக்கு 1.5, அது சேர்ந்தது. ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்றுக்கு நேராக ஓடுபாதை போட்ட ஒரு மைதானத்தில் ஆடி மாதம் தாண்டிப் பார்த்தவனுக்கு, ரப்பரும் செம்மண்ணும் இரண்டாம்பட்சம் என்று தெரியும்.

இனி உன் 6.08. செம்மண்ணில் உதைக்கும்போது ஸ்பைக்ஸ் பிடித்தாலும் கால் ஒவ்வொரு எட்டுக்கும் கொஞ்சம் பின்னால் சறுக்கும். இரண்டு சென்டிமீட்டர் என்று வை. பதினெட்டு எட்டு ஓடினால் 36 சென்டிமீட்டர், ஓர் அடிக்கு மேல். உன் மார்க், அதாவது நீ ஓட்டம் தொடங்கும் குறி, அந்தச் சறுக்கலையும் சேர்த்துத்தான் பழகியிருக்கிறது. சிந்தெடிக்கில் சறுக்கல் இல்லை. ஒவ்வொரு எட்டும் முழுசாகக் கிடைக்கிறது. பள்ளி மார்க்கிலிருந்தே ஓடினால் பலகையைத் தாண்டித்தான் மிதிப்பாய். உன் இரண்டு ஃபவுலும் அப்படி வந்தவை. மூன்றாவதில் பயம் வந்து, கடைசி இரண்டு எட்டை வெட்டி வெட்டி வைத்து, பலகைக்கு ஒரு சாண் முன்னாலேயே எழும்பியிருப்பாய். அளப்பது பலகையின் விளிம்பிலிருந்து; அந்த ஒரு சாண் கணக்கில் வராது. ஸ்பைக்ஸ் நீளத்தையும் பார். மண்ணுக்குப் போட்ட நீள ஆணியை ரப்பரில் போட்டால் கால் குத்தி நிற்கும். சிந்தெடிக்கில் நீளம் தாண்ட 9 மில்லிமீட்டருக்கு மேல் விதியிலும் இடமில்லை.

அடுத்ததைச் சொன்னால் உனக்கு வருத்தமாக இருக்கும், ஆனாலும் சொல்ல வேண்டும். உன் பள்ளிக் குழியின் மணல் பலகை மட்டத்தில் இருக்கிறதா? நான் போய்ப் பார்த்த பள்ளிக் குழிகளில் பாதிக்கு மேல் மணல் தாழ்ந்துதான் கிடக்கும். இடவப்பாதி மழையில் கொஞ்சம் ஓடிவிடும், மிச்சத்தைப் பிள்ளைகள் காலோடு வெளியே இழுத்துவிடுவார்கள், ஆற்று மணல் வாங்கிப் போட யாரிடமும் காசிருக்காது. எம் சாண்ட் போட்டால் சிமென்ட் மாதிரி இறுகித் தோலைக் கீறும். இறங்கும் உடம்பு முன்னாலும் கீழுமாகச் சாய்ந்து வருகிறது. மணல் 10 சென்டிமீட்டர் தாழ்ந்திருந்தால் அந்தச் சாய்வில் 15 முதல் 20 சென்டிமீட்டர் கூடுதலாகப் போய் விழுவாய். உன் 6.35-க்குள் நாலு விரல் தாழ்ந்த குழியும் ஒளிந்திருக்கலாம். அப்படியானால் சிந்தெடிக்கில் நீ குறையவில்லை, பலகையில் மிதித்திருந்தால் பள்ளியில் தாண்டியதைவிட நன்றாகவே தாண்டியிருப்பாய்.

ஆகவே திங்கட்கிழமை இரண்டு வேலை செய். ஊரில் ஏதாவது கொத்தனாரிடம் மட்டம் பார்க்கும் தண்ணீர் டியூப்பை ஒரு மணி நேரம் கடன் வாங்கு. ஒரு நுனியைப் பலகையில் பிடி, மறு நுனியைக் குழியின் தூரத்து ஓரத்தில் ஒரு குச்சியில் கட்டு. தண்ணீர் நிற்கிற இடத்துக்கும் மணலுக்கும் எத்தனை விரல் என்று பார். தாழ்ந்திருந்தால் பி.டி. சாரிடம் சொல்லி, ஓரத்தில் ஒதுங்கிய மணலை மம்பட்டியால் உள்ளே இழுத்து மட்டமாக்கிவிட்டுப் பிறகு அளந்து குறித்துவை. அடுத்து சிந்தெடிக்கில் போட்டி வரும்போது ஒரு மணி நேரம் முன்னால் போ. மார்க்கை ஒன்றரை அடி பின்னால் வைத்து, தாண்டாமல் மூன்று தடவை முழு வேகத்தில் ஓடி மட்டும் பார். பலகைப் பக்கம் ஒரு கூட்டுக்காரனை நிறுத்தி, கடைசிக்கு முந்தைய எட்டு விழும் இடத்தைச் சாக்குக்கட்டியால் கோடு போடச் சொல். மூன்று கோடும் ஒரு கை அகலத்துக்குள் வந்தால் மார்க் சரி. வராவிட்டால் அரை அடி அரை அடியாக நகர்த்து.